காய்ச்சலும் சிஆர்பி ரிப்போர்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. லேபில் ரத்தம் எடுத்து, சுழற்றி, கருவியில் வைத்து, வருகிற எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள். ஃப்ளூவோ கோவிடோ ஏதாவது ஒரு வைரஸ் காய்ச்சல் பரவுகிற மாதங்களில் சிஆர்பி (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பவை கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்களைப் பார்க்கிற டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். அவர் உங்கள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்திருக்கிறார், நான் உங்கள் டியூபை மட்டும்தான் பார்த்தேன்.

மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். சிஆர்பி 48 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில் சொல்வதற்கு முன்னால் நான் மூன்று கேள்வி கேட்பேன். மூச்சு வாங்குகிறதா? காய்ச்சல் தொடங்கி இது எத்தனையாவது நாள்? எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது?

முதல் கேள்விக்கு நீங்களே போனில் இடைவெளி இல்லாமல் முழு வாக்கியமாகப் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் அங்கேயே குறைந்துவிடும். மூன்றாவது நாளில் 48 என்பது ஒரு சாதாரண ஃப்ளூவிலும் வரக்கூடிய எண்தான். அலகு ஏன் முக்கியம் என்றால், சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்று கொடுக்கும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று கொடுக்கும், இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஒரு இடத்தில் 48, இன்னொரு இடத்தில் 4.8, இரண்டும் ஒரே அளவு. "நேற்று 4.8, இன்று 48, ஒரே நாளில் பத்து மடங்கு ஏறிவிட்டது" என்று அழுதுகொண்டே வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் செய்த ஒரே காரியம் லேபை மாற்றியதுதான். கீழே நான் சொல்லும் சிஆர்பி எண்கள் எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

இந்த சிஆர்பி என்பதுதான் என்ன?

சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்பதன் சுருக்கம், கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்காவது அழற்சி ஏற்பட்டால், அதாவது கிருமியோ காயமோ திசுக்களைத் தொந்தரவு செய்தால், அங்கிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின்-6 போன்ற தூதுப் பொருள்களை ரத்தத்தில் விடும். அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சிஆர்பியை ஊற்ற ஆரம்பிக்கும். 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் நிமோனியா வந்தவர்களின் சீரத்தில் (ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கும் தெளிந்த நீரில்) இதைக் கண்டார்கள். அந்த பாக்டீரியாவின் சி என்ற சர்க்கரைப் பொருளோடு இது ஒட்டிக்கொண்டு திரண்டதால் பெயரில் அந்த 'சி'.

கவனியுங்கள், சிஆர்பி வைரஸை எண்ணுவதில்லை. நுரையீரலையும் நேரடியாகப் பார்ப்பதில்லை. கிருமிக்கு உடம்பு காட்டுகிற எதிர்வினை எவ்வளவு என்பதைக் கல்லீரல் வழியாக, சில மணி நேரம் தாமதமாகச் சொல்கிறது. பல் வேரில் சீழ் கோத்திருந்தாலும் ஏறும், நேற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும் ஏறும்.

எந்த நாளில் எடுத்த ரத்தம் என்பது அவ்வளவு முக்கியமா?

என்னைக் கேட்டால் எண்ணைவிட அதுதான் முக்கியம், ஆனால் ரிப்போர்ட்டில் இல்லாத தகவலும் அதுதான். ரத்தம் எடுத்த தேதி இருக்கும், காய்ச்சல் தொடங்கிய தேதி இருக்காது.

தூண்டுதல் கிடைத்த ஆறு மணி நேர அளவில் சிஆர்பி ஏறத் தொடங்கும். ஏறும்போது ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 36 முதல் 50 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று காலை 6 என்றால் மாலையில் 12, நள்ளிரவுக்குள் 24, நாளைக் காலை 48. ஆக, காய்ச்சல் வந்த முதல் நாளே ஓடிப்போய்ப் பரிசோதித்து "நார்மல்" என்று வாங்கிய ரிப்போர்ட்டுக்கு அதிக மதிப்பு கிடையாது. இறங்கும்போது அரை ஆயுள் 19 மணி நேரம், அதாவது தூண்டுதல் முழுசாக நின்றுவிட்டால் ஒரு நாளுக்குள்ளேயே பாதிக்கும் கீழே போய்விடும். நடைமுறையில் தூண்டுதல் அப்படித் திடீரென்று நிற்காது, கொஞ்சம் இழுக்கும்.

சாதாரண சளிக் காய்ச்சலில் இரண்டாவதிலிருந்து நான்காவது நாளுக்குள் உச்சம் தொட்டு ஒரு வாரத்தில் இறங்கிவிடும். ஐந்தாவது நாளுக்கு மேல் ஏறிக்கொண்டே போனாலோ, இறங்கிய சிஆர்பி திரும்ப ஏறினாலோதான் நான் டாக்டருக்கு போன் போட்டுச் சொல்வேன். கோவிடில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. முதல் சில நாள் சும்மா இருந்துவிட்டு, ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சிலருக்கு நுரையீரல் மோசமாகும். இரண்டாம் நாள் எண்ணை வைத்து எட்டாம் நாளைச் சொல்ல முடியாது.

எண்ணைப் பார்த்து வைரஸா பாக்டீரியாவா என்று சொல்லிவிடலாமா?

ஓரளவு. சிஆர்பி 20க்குக் கீழ் இருந்து ஆளும் தெளிவாக இருந்தால் பாக்டீரியா நிமோனியாவாக இருக்க வாய்ப்பு குறைவு. 100க்கு மேல் போனால் டாக்டர்கள் பாக்டீரியாவைச் சந்தேகிப்பார்கள். நடுவில் இருக்கிற 20 முதல் 100 வரைதான் பெரிய குழப்பம், வருகிற ரிப்போர்ட்டில் நிறைய அந்த இடத்தில்தான் வந்து விழும்.

இரண்டு பக்கமும் விதிவிலக்கு உண்டு. அடினோ வைரஸ் குழந்தைகளுக்கு வந்தால் சிஆர்பி 100ஐயும் தாண்டும், டான்சிலில் வெள்ளையாகப் படிந்து, பார்ப்பதற்கு அச்சு அசல் பாக்டீரியா மாதிரியே இருக்கும். கடுமையான ஃப்ளூவும் கோவிடும் பாக்டீரியா துணையே இல்லாமல் 150, 200 என்று ஏற்றிவிடும். "எண் பெரிசாக இருக்கிறது, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்கள்" என்று நீங்களே கேட்காதீர்கள்.

புரோகால்சிடோனின் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே?

சிஆர்பியைவிடக் கொஞ்சம் விவரமான பரிசோதனை அது. சாதாரணமாகத் தைராய்டு சுரப்பியில் கால்சிடோனின் ஹார்மோன் உருவாவதற்கு முந்தைய வடிவம். பாக்டீரியா தொற்று வந்தால் உடம்பின் பல திசுக்கள் இதைத் தயாரிக்கத் தொடங்கும். வைரஸ் தொற்றில் வெளிவரும் இன்டர்ஃபெரான்-காமா இந்தத் தயாரிப்பை அமுக்கிவிடும், அதனால் வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 0.25 நானோகிராமுக்குக் கீழே நிற்கும்.

இதுவும் ஏமாற்றும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பெரிய விபத்தில் அடிபட்டவர்களுக்கும் பாக்டீரியா இல்லாமலே ஏறும். நிமோனியா என்று எக்ஸ்ரே படத்தில் தெரியும்போது, புரோகால்சிடோனின் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாடிக்கை ஆரம்பிக்காமல் விடக் கூடாது என்று 2019இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. ஆரம்பித்த ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்யத்தான் இது அதிகம் உதவுகிறது.

ஃபெரிட்டின், டி-டைமர், எல்டிஎச், ஐஎல்-6 என்று நீளமாக ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் தேவையா?

வீட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டு, ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கிறவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. கோவிட் காலத்தில் இந்தப் பட்டியல் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது, அந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஃபெரிட்டின் இரும்புச் சத்தைச் சேமித்து வைக்கும் புரதம். அழற்சியிலும் ஏறும். மோசமான கோவிட் நோயாளிகளிடம் 500, 1000 என்றெல்லாம் பார்த்தோம். ஆனால் கல்லீரல் நோய், மது, சர்க்கரை நோய், உடல் பருமன் எல்லாவற்றிலும் இது கூடுதலாகத்தான் இருக்கும், எனவே பழைய அளவு தெரியாமல் ஒற்றை எண்ணை வைத்து எதுவும் பேச முடியாது. பத்தாயிரத்தைத் தாண்டினால் அது தனிக் கதை, நோய் எதிர்ப்பு மண்டலமே கட்டுமீறிப் போய்விட்டதா என்று டாக்டர்கள் தேட ஆரம்பிப்பார்கள்.

டி-டைமர் ரத்தக் கட்டி உருவாகிக் கரையும்போது மிஞ்சுகிற துண்டு. கோவிடில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் கட்டி ஏற்படுவது உண்டு என்பதால் பெயர் பெற்றது. இதிலும் அலகுக் குழப்பம் இருக்கிறது, எஃப்இயு (ஃபைப்ரினோஜன் அளவுக்குச் சமமாக்கிச் சொல்வது), டிடியு (டி-டைமராகவே சொல்வது) என்று இரண்டு முறை. முதலாவதில் வரும் எண் இரண்டாவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். வயது ஏற ஏற இது தானாகவே ஏறும், அதனால் 50 வயதுக்கு மேல் எஃப்இயு கணக்கில் (மில்லிலிட்டருக்கு நானோகிராம்) வயதைப் பத்தால் பெருக்கி வருவதை வரம்பாக எடுத்துக்கொள்வார்கள். 70 வயதுக்காரருக்கு 500க்குப் பதில் 700. கர்ப்பிணிகளுக்கும் கூடுதலாகத்தான் இருக்கும்.

எல்டிஎச் செல்கள் உடைந்தால் வெளியே கொட்டும் நொதி. நுரையீரல் செல்கள் சேதமானால் ஏறும். இங்கே என் வேலை சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்கும்போது நரம்பு சரியாகக் கிடைக்காமல் ஊசியை அப்படி இப்படித் திருப்பி, சிரிஞ்சைப் பலமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் எல்டிஎச் ஏராளமாக இருக்கிறது. சுழற்றி எடுத்த டியூபில் மேலே நிற்கும் சீரம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், இந்த டியூபில் ரோஜா நிறத்தில் இருக்கும். அதை அப்படியே ஓட்டினால் எல்டிஎச் எகிறும், நோயாளிக்கு எதுவும் ஆகியிருக்காது. அப்படிப்பட்ட சாம்பிளைத் திருப்பி அனுப்பினால் எல்லாருக்கும் கோபம் வரும். வரட்டும்.

பட்டியலில் ஐஎல்-6 என்று இருக்கும் இன்டர்லூகின்-6 பற்றிச் சுருக்கமாக. 'சைட்டோகைன் புயல்' (இந்த மாதிரித் தூதுப் பொருள்கள் கட்டுமீறிப் பெருகுவது) என்ற சொல் பிரபலமானதால் எல்லாரும் இதைக் கேட்டார்கள். கடும் கோவிடில்கூட இதன் அளவு, பாக்டீரியாவால் வரும் செப்சிஸில் (தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை கட்டுமீறி உறுப்புகளையே பாதிக்கும் நிலை) காண்பதைவிடப் பொதுவாகக் குறைவாகத்தான் இருந்தது. அதோடு மணிக்கு மணி மாறும். சிஆர்பியே இதன் நிழல்தான் என்பதால், பெரும்பாலான நேரம் சிஆர்பி போதும்.

அப்படியானால் யாருக்கு நோய் முற்றும் என்று இந்த எண்கள் சொல்லுமா சொல்லாதா?

கூட்டமாகப் பார்த்தால் சொல்லும். சிஆர்பி, எல்டிஎச், டி-டைமர் கூடுதலாக இருந்தவர்களில் அதிகம் பேர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள் என்பது பல நாடுகளில் கண்டதுதான். உங்கள் ஒருவருக்கு என்ன ஆகும் என்று கேட்டால் அவ்வளவு துல்லியம் கிடையாது.

எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளை வைத்து 2020இல் '4சி' என்று ஒரு மதிப்பெண் முறை வந்தது. மொத்தம் 21 புள்ளி, எட்டு விவரங்கள்: வயது, பாலினம், வேறு நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, சுயநினைவு, யூரியா, சிஆர்பி. இதில் சிஆர்பி 50க்குக் கீழ் என்றால் பூஜ்யம், 50 முதல் 99 வரை 1, 100க்கு மேல் 2. அவ்வளவுதான். வயதுக்கு மட்டும் 7 புள்ளி வரை உண்டு. 35 வயதுக்காரருக்கு சிஆர்பி 150 இருந்தால் இந்த இரண்டு விவரத்திலும் சேர்த்து 2. 72 வயதுக்காரருக்கு சிஆர்பி 20தான் என்றாலும் 6. நாம் என்னடா என்றால் இரண்டு புள்ளி மட்டுமே பெறும் அந்த சிஆர்பியைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கிறோம்.

சிஆர்பி ஏறுகிறது, ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வேண்டாம், டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. 2020இல் வந்த 'ரெகவரி' என்ற பிரிட்டன் கோவிட் மருந்து ஆய்வு இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது. தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதல் இருக்கலாம் என்கிற பக்கம்தான் எண்கள் சாய்ந்தன. அந்தப் பிரிப்பில் அளவுகோலாக இருந்தது ஆக்சிஜன் தேவை, சிஆர்பி அங்கே வரவே இல்லை.

சிஆர்பி நேரடியாக நுழைந்தது அடுத்த கட்டத்தில். அதே ஆய்வில் டோசிலிசுமாப் என்ற மருந்தைச் சோதித்தபோது, ஆக்சிஜனும் குறைந்திருக்க வேண்டும், சிஆர்பியும் 75க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து நிபந்தனை வைத்தார்கள். வழக்கமான சிகிச்சையில் நூற்றுக்கு 35 பேர் இறந்த இடத்தில், மருந்து பெற்றவர்களில் 31 பேர்.

சிஆர்பி நார்மல், ஆனால் ஆளுக்கு முடியவே இல்லை. லேப் தப்பா?

லேப் தப்பும் செய்யும், மறுக்கவில்லை, சந்தேகம் இருந்தால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் வேறு காரணங்களையும் பாருங்கள். மிகச் சீக்கிரம் எடுத்திருக்கலாம். கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்குத் தயாரிக்கும் இடமே பழுது, அதனால் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு எண் கீழே இழுக்கப்படும். டோசிலிசுமாப் போட்டவர்களுக்கு இன்டர்லூகின்-6இன் வழியே அடைபட்டுவிடுவதால் சிஆர்பி சில நாளில் தரைமட்டமாகிவிடும். அதைப் பார்த்து ஆள் தேறிவிட்டார் என்று நினைக்க முடியாது, புதிதாக ஒரு பாக்டீரியா தொற்று வந்தாலும் அது காட்டிக்கொடுக்காது.

என்எல்ஆர் என்று ஒன்று சொல்கிறார்களே, அது ரிப்போர்ட்டில் இல்லையே?

நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரண்டு வகை வெள்ளையணுக்களின் விகிதம் அது. சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையிலேயே இருக்கிறது, நீங்களே வகுத்துக்கொள்ளலாம். நியூட்ரோஃபில் 85 சதவீதம், லிம்ஃபோசைட் 10 சதவீதம் என்றால் விகிதம் 8.5. ஆரோக்கியமானவர்களுக்குப் பொதுவாக 1 முதல் 3. கடும் கோவிடில் லிம்ஃபோசைட் குறைவது பரவலாகக் கண்ட ஒன்று, அதனால் விகிதம் ஏறும். ஒரு எச்சரிக்கை: ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்ஃபோசைட்டை இறக்கும். மருந்து தொடங்கிய மறுநாள் விகிதம் துள்ளினால் அது மாத்திரை செய்த வேலையாக இருக்கலாம்.

குழந்தைகளுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. கைக்குழந்தைகளுக்கு ஆர்எஸ்வி வைரஸால் வரும் மூச்சுக்குழல் அழற்சியில் ரத்தப் பரிசோதனையே வழக்கமாகத் தேவையில்லை என்றுதான் குழந்தை மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் வேக மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குகிறதா, பால் குடிக்கிறதா என்றும் பாருங்கள்.

சிஆர்பி உண்மையிலேயே உதவும் ஒரு இடம்: கோவிட் வந்துபோய் இரண்டிலிருந்து ஆறு வாரம் கழித்துக் குழந்தைக்கு விடாத காய்ச்சல், வயிற்று வலி, கண் சிவப்பு, தடிப்பு வந்தால். பல உறுப்புகளைப் பாதிக்கும் அழற்சி நோய் ஒன்று உண்டு, அதில் சிஆர்பி நன்றாக ஏறியிருக்கும். அரிதுதான், ஆனால் தாமதிக்கக் கூடாது.

காய்ச்சல் போய் இரண்டு வாரம் ஆகிறது, இஎஸ்ஆர் இன்னும் 40. உள்ளே ஏதோ இருக்கிறதா?

இஎஸ்ஆர் மெதுவாகத்தான் எல்லாம் செய்யும். ரத்தத்தை உயரமான குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்று பார்க்கிறோம், அவ்வளவுதான் பரிசோதனை. ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடினால் அணுக்கள் நாணயங்களை அடுக்கினாற்போல் ஒட்டிக்கொண்டு வேகமாக விழும். அந்தப் புரதம் ரத்தத்தில் பல நாள் தங்குவதால் நோய் போன பிறகும் வாரக்கணக்கில் இஎஸ்ஆர் கூடவே இருக்கும். ரத்தசோகை, கர்ப்பம், வயது எல்லாம் ஏற்றும். குழாய் கொஞ்சம் சாய்வாக நின்றிருந்தால்கூட ஏறும். நன்றாகச் சாப்பிட்டு, நடந்து திரிகிறீர்கள் என்றால் சில வாரம் விட்டுப் பாருங்கள்.

தினமும் சிஆர்பி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாமா?

வீட்டில் இருக்கிறவருக்குத் தினமும் எதற்கு? 22, 26, 19 என்று வரும், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை மனம் கலங்கும். டாக்டர் கேட்டால் எடுங்கள், எடுத்தால் அதே லேபில் எடுங்கள்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் எப்போது கிளம்ப வேண்டும்?

ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியாவிட்டால். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 30 மூச்சைத் தாண்டினால். உதடு நீலம் பாரித்தால், நெஞ்சு இறுகினால், ஆள் குழம்பிப் பேசினால். ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே தொடர்ந்து காட்டினால் டாக்டரிடம் பேசுங்கள், 90க்குக் கீழ் என்றால் பேசிக்கொண்டிருக்காமல் புறப்படுங்கள். விரலைச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிட்டு, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். கருத்த தோலில் அந்தக் கருவி உண்மையான அளவைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனால் 95 காட்டுகிறது, ஆனால் ஆளுக்கு மூச்சு முட்டுகிறது என்றால் ஆளை நம்புங்கள்.

கடைசியாக ஒன்று, சிஆர்பிக்கு வெறும் வயிற்றில்தான் வர வேண்டுமா?

வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம். கூடவே சர்க்கரையோ கொழுப்போ பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், நரம்பு சுலபமாகக் கிடைக்கும், எனக்கும் ரோஜா நிற சீரம் வராது. அப்புறம், காய்ச்சல் தொடங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுங்கள்.